அந்த அணி மறுபடி ஏன் வரவில்லை?

உச்சிப்புளியில் தொடங்கி மண்டபம் வரை, பாம்பன் பாலம் தாண்டினால் தங்கச்சிமடம் வரை, நாற்பது வயதைக் கடந்த கூடைப்பந்து ரசிகர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பேச்சு கடைசியில் ஓர் அணியில்தான் வந்து நிற்கும். 1990களின் கடைசியிலும் 2000களின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் எங்கள் கல்லூரிக்கு ஆடிய அணி அது. "அந்தப் பயலுக மாதிரி இனிமே எவன்டா வரப்போறான்" என்று முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் வாதம் கிடையாது.

நானும் அந்த அணியைப் பார்த்து வளர்ந்தவன். கல்லூரிச் சுற்றுச்சுவரில் ஏறி உட்கார்ந்து பார்த்த அந்தச் சாயங்காலங்களுக்கு ஈடாக எதையும் நான் இன்றுவரை வைத்ததில்லை. ஆனால் பாசம் எவ்வளவு இருந்தாலும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. அப்படி ஓர் அணி அந்த நேரத்தில், இந்த உப்புமண்ணில் எப்படி உண்டானது? இருபது வருஷமாக ஏன் இன்னொன்று உண்டாகவில்லை? திறமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. திறமையுள்ள பையன்கள் இந்தக் கரையில் எல்லா வருஷமும் பிறக்கிறார்கள். கடற்கரை மணலில் ஒரு மாலை நின்று வாலிபால் பார்த்தாலே அது தெரியும்.

வாலிபாலிலிருந்தே தொடங்கலாம். ராமநாதபுரம் கரை வாலிபாலுக்கும் கபடிக்கும் சொந்தமான மண். இரண்டு கம்பும் ஒரு வலையும் கிடைத்தால் வாலிபால் நடக்கும். கபடிக்கு அதுவும் வேண்டாம். கூடைப்பந்து அப்படி இல்லை. பந்து தரையில் பட்டு எழ வேண்டும், மணலில் அது நடக்காது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்துக்குச் சிமென்ட் போட வேண்டும். ஆடாமல் நிற்கும் இரும்புத் தூண் வேண்டும், ரிங்கைத் தாங்கும் போர்டு வேண்டும், தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் ரிங் வேண்டும். எந்த ஊர் இளைஞர் மன்றமும் இதைச் சொந்தக் காசில் செய்துவிட முடியாது. பள்ளியோ கல்லூரியோதான் செய்ய வேண்டும்.

இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஆட வைக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்த ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ.வின் வழியாக 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்று வெளியே வந்த உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். ஆசிரியர் போன இடத்துக்கெல்லாம் ஆட்டமும் போனது. எங்கள் பக்கத்தில் ரிங் எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம் ஒரு சுற்றுச்சுவரும் கேட்டும் இருந்தன.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. ஊர்க் கபடி அணிக்கு முடிவே கிடையாது. அண்ணன் ஆடி முடித்த இடத்தில் தம்பி நிற்பான், மாமன் மகன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தால் அவனும் இறங்குவான். கல்லூரி அணிக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. இளங்கலை 3 வருஷம். முதுகலை சேர்ந்தால் இன்னும் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆட இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் வைத்திருக்கும் வயது வரம்பு 17 முதல் 25 வரை. முதல் வருஷம் வருகிறவனுக்கு இடம் பிடிக்கவே ஒரு வருஷம் போய்விடும். கடைசி வருஷம் அவன் மனசு வேலையில் இருக்கும். நல்ல ஐந்து பேர் ஒன்றாக நின்று ஆட நடுவில் கிடைப்பது ஒன்றரை, இரண்டு சீசன்தான். எங்கள் அணி ஐந்து சீசன் நின்றது. அவர்களுடைய உயரம், ஓட்டம், கை எல்லாவற்றையும்விட இந்த ஐந்து சீசன்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அது எப்படிச் சாத்தியமானது என்று தேடிப்போனால் முதலில் பள்ளிக்கூடம் வருகிறது. அந்த அணியின் முக்கியமான ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் ஒரே பள்ளியில் ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பி.டி. சாரிடம் பந்து பிடிக்கக் கற்றவர்கள். கல்லூரிக்கு வரும்போதே அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். இடது பக்கம் ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான். பந்து அவன் கைக்கு வந்து சேரும். கல்லூரிப் பயிற்சியாளர் இரண்டு வருஷம் மெனக்கெட்டுச் சொல்லித்தர வேண்டிய புரிதல், பள்ளிச் சீருடையிலேயே அவர்களுக்கு வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் ரோட்டுப் பாலம். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேசுவரம் தீவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் ரயில் பாலம் ஒன்றுதான் வழி. ரயில் நேரத்துக்குக் கட்டுப்பட்ட தீவுப் பையன் பொழுது சாயும்வரை பயிற்சியில் நிற்க முடியாது. நின்றால் ராத்திரி எங்கே தங்குவான்? பஸ் ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் கவலை விட்டது. 1990களில் பாம்பன், தங்கச்சிமடம் பையன்களும் மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் பக்கத்துப் பையன்களும் ஒரே கோர்ட்டில் தினமும் சேர்ந்தார்கள். மீனவர் வீடு, வியாபாரி வீடு, வாத்தியார் வீடு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். எட்டு மணி பஸ்ஸைக் கோட்டைவிட்டால் மண்டபத்துக்காரன் வீட்டில் தீவுக்காரனுக்குச் சாப்பாடும் பாயும் கிடைத்தன. அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுற்றுலாவையும் சரக்கு லாரியையும் சொல்வார்கள். எங்கள் அணியையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்வேன்.

மூன்றாவது, கல்லூரியில் புதிதாக வந்த முதுகலை வகுப்புகள். பட்டம் முடித்ததும் கிளம்பியிருக்க வேண்டியவர்கள் அதே கோர்ட்டில் இன்னும் 2 வருஷம் இருந்தார்கள். இருபது வயதில் ஆடுகிறவனுக்கும் இருபத்திரண்டு வயதில் ஆடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை, உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, கூட்டத்தில் குதிக்கும்போது பார்க்கலாம். தோள் இறுகியிருக்கும், அவசரம் குறைந்திருக்கும்.

இனி காற்று. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அணியின் ஆட்டமுறையே காற்றிலிருந்து வந்தது.

எங்கள் கோர்ட் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மேற்கே ஒரு மரம் கிடையாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை, பிற்பகலானால் காற்று கோர்ட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். மணலைக் கொண்டுவந்து சிமென்டில் கொட்டும். ஆட்டத்துக்கு முன்னால் ஜூனியர்கள் தென்னை விளக்குமாற்றால் கூட்டுவார்கள், பத்து நிமிஷத்தில் மறுபடி காலுக்கடியில் நறநறவென்று கேட்கும். ரிங் வருஷத்துக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாலும் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். வலை இற்றுப்போய் இரண்டு இழை மட்டும் தொங்கும். புதுப் பந்து வாங்கினால் ஒரு சீசனுக்குள் அதன் மேலுள்ள புள்ளிகள் தேய்ந்து வழுவழுவென்றாகிவிடும். அப்போதைய விதிப்படி ஆண்கள் பந்து 567 கிராமிலிருந்து 650 கிராம் வரை எடை. அந்த எடைக்கும் கச்சானில் உயரத் தூக்கி எறிந்தால் ஒரு சாண் கிழக்கே தள்ளிப் போகும்.

அதனால் எங்கள் பையன்கள் பந்தை உயரத் தூக்கவில்லை, தாழ்வாக எறியப் பழகினார்கள். ஆனால் தாழ்வாக எறிந்தால் வேறொரு சிக்கல் வரும். ரிங்கின் குறுக்களவு 45 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 24. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் பந்துக்கு முழு 45 சென்டிமீட்டரும் திறந்திருக்கும். 45 டிகிரி சாய்வில் வந்தால் பந்தின் பக்கத்திலிருந்து பார்க்கையில் திறப்பு 32 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் 22.5தான். பந்தே அதைவிடப் பெரிது, நேராக உள்ளே விழ வழியில்லை. தாழ்வாக எறிகிறவனுக்குப் போர்டு ஒன்றுதான் கதி. போர்டில் அடித்து உள்ளே தள்ளுவது, அதைவிட நல்லது ரிங்குக்குக் கீழேயே ஓடிப்போய், எழும்பிப் பந்தை உள்ளே வைக்கும் லே-அப் போடுவது. அந்த அணியின் புகழ்பெற்ற போர்டு ஷாட்டும், யாராலும் நிறுத்த முடியாத வெட்டி நுழையும் ஓட்டமும் இப்படித்தான் வந்தன. ரசிகர்கள் அதைப் பிறவி வரம் என்கிறார்கள். அந்தக் கோர்ட்டில் தினமும் மாலை 4:30க்கு நின்ற யாருக்கும் வேறு வழி இருந்திருக்காது என்பதுதான் உண்மை. அந்த வழியை அவ்வளவு அழகாக்கியது மட்டும் அவர்களுடைய பெருமை. மேற்கு மூலையிலிருந்து போர்டின் எந்த இடத்தில் அடித்தால் காற்று பந்தை உள்ளே தள்ளும் என்று எங்கள் ஃபார்வர்டு ஒருவர் சாக்பீஸால் போர்டில் சின்னப் புள்ளி வைத்திருந்தார். எதிரணி வந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். அவருக்கு அதற்குள் புள்ளி தேவைப்படாமல் போயிருந்தது.

காற்று கெடுத்தது போக, இந்த மாவட்டத்தின் வறட்சி ஒரு நன்மையும் செய்தது. தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த மாவட்டம் இது. கூரையில்லாத கோர்ட்டுக்கு மழை பெரிய எதிரி. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் சில வாரம் போனால் மற்றபடி வருஷம் முழுவதும் தரை காய்ந்தே கிடக்கும். பயிற்சி நின்ற நாட்கள் குறைவு.

இதன் மேல் சட்டமாற்றம் வந்து சேர்ந்தது. ரசிகர்கள் பேச்சில் இது வருவதே இல்லை, எனக்கோ இது பெரிய விஷயமாகப் படுகிறது. 2000ஆம் ஆண்டில் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா ஆட்டத்தின் நடையையே மாற்றியது. அதுவரை 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி. அதன் பிறகு 10 நிமிஷம் வீதம் நான்கு கால்கள். பந்து கையில் வந்தால் 30 விநாடிக்குள் எறிய வேண்டும் என்றிருந்தது 24 ஆனது. சொந்தப் பாதியிலிருந்து நடுக்கோட்டைத் தாண்ட 10 விநாடி என்றிருந்தது 8 ஆனது. நம் கல்லூரி மைதானங்களுக்கு மின்கடிகாரம் எல்லாம் அப்போது வரவில்லை. மேசையில் உட்கார்ந்தவர் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக் கடைசி விநாடிகளைச் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். ரிங்கருகில் நின்று ஆடும் உயரமான சென்டரை வைத்துக்கொண்டு, பந்தை மெதுவாகச் சுற்றிக் கொடுத்து, அவன் நல்ல இடத்தில் வந்து நிற்கும்வரை காத்திருக்கிற அணிக்கு 6 விநாடி நஷ்டம். உயரம் இல்லாமல், எதிரணியை முழுக் கோர்ட்டிலும் ஒட்டிக்கொண்டு நெருக்குகிற அணிக்கு லாபம். எங்கள் அணியில் ஆறடிக்கு மேல் ஒருவர்தான். மற்றவர்கள் கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த கால்கள். ஃபுல் கோர்ட் பிரஸ் அவர்களுக்கு மூச்சு விடுவது போல வந்தது. 10 விநாடி இருந்தபோது நிதானமாகத் தப்பித்து வந்த மதுரை அணிகள், 8 விநாடியில் தடுமாறிப் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு சீசனில்தான் எங்கள் அணி உச்சத்தில் நின்றது. அவர்கள் வளர்ந்தார்கள் என்பது பாதிக் காரணம். சட்டம் அவர்கள் பக்கம் நகர்ந்து வந்தது மீதிப் பாதி.

அவர்கள் எவ்வளவு பெரிய அணி என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வென்றார்கள். சிலர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டிக்குப் போனார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு பல்கலைக்கழகங்கள்தான் அகில இந்தியச் சுற்றுக்குப் போகும், அது அவர்களுக்கு வாய்க்கவில்லை. மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் பணம் சேர்த்துக்கொண்டு போவார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். போன்ற அணிகளைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, அங்கே கண்ட ஒரு நகர்வை ஜூன் மாதம் இங்கே செய்துபார்ப்பார்கள். தமிழ்நாட்டின் பெரிய கூடைப்பந்து வேறு ஓர் உயரத்தில் இருந்தது, அதை அவர்களே அறிந்திருந்தார்கள். அதைச் சொல்வதால் அவர்கள் சிறுத்துப்போவதில்லை. கூரை இல்லை, பயிற்சியாளர் என்று தனியாக ஆள் இல்லை, ஊட்டத்துக்கு அவித்த முட்டையும் வேர்க்கடலையும்தான். அதில் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்றே நான் பார்க்கிறேன்.

அவர்களுடைய ஆட்டம் எதுவும் வீடியோவில் இல்லை. இருப்பது ஸ்கோர் ஷீட் மட்டும்தான். பழைய பி.டி. சார் ஒருவர் கார்பன் நகல்களைக் கோப்பில் வைத்திருக்கிறார். மதுரையில் ஜெயித்த அந்த இறுதி ஆட்டத்தின் தாளை அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். ஊரில் சொல்லும் கதை இது: கடைசி விநாடியில் எங்கள் கேப்டன் தனியாளாக வெட்டிப் போய் லே-அப் போட்டு ஜெயிக்க வைத்தார். தாளில் கேப்டனின் எண்ணுக்கு நேரே ஐந்து ஃபவுல் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. ஐந்தாவது ஃபவுலோடு வெளியே போக வேண்டும் என்பது விதி. ஆட்டம் முடியும்போது அவர் பெஞ்சில் இருந்தார். ஓடும் புள்ளிப் பத்தியில் ஆட்டத்தின் ஓட்டத்தில் போடும் ஃபீல்ட் ஷாட்டுக்கு எண்ணின் மேல் சாய்கோடு போடுவார்கள், ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு உருண்டையாகப் புள்ளி வைப்பார்கள். எங்கள் பக்கத்தின் கடைசி இரண்டும் உருண்டைப் புள்ளிகள். பக்கத்தில் உள்ள எண், வழக்கமாக ஐந்து நிமிஷம்கூட இறங்காத ஒரு மாற்று ஆட்டக்காரருடையது. இரு பக்கமும் அறுபதைத் தொடாத ஆட்டம்.

அந்த மாற்று ஆட்டக்காரர் இன்று தேவிபட்டினம் பக்கம் கடை வைத்திருக்கிறார். கேப்டன் கதையை அவரும் அப்படியேதான் சொல்கிறார், தன்னைச் சேர்க்காமல். அணிக்குள் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நினைவு இப்படிச் செய்வது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற காரியமில்லை. மனிதர் வாழ்க்கையில் ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாகவும் தெளிவாகவும் ஞாபகம் வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கல்லூரி அணியின் ரசிகர்கள் அனைவரும் அந்த அணியை அதே வயதில்தான் பார்க்கிறார்கள். எனவே ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் காலத்து அணிதான் பொற்காலம். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1980களில் படித்தவர்களும், 2010களில் படித்தவர்களும்கூட அந்த ஐந்து சீசனைத்தான் சொல்கிறார்கள் என்பதால், வெறும் வயதின் மயக்கம் என்று தள்ளிவிட முடியவில்லை.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து பெரும் பணமும் பெரும் கூட்டமும் புரளும் உலகம். அங்கேயும் இதே கதைதான். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு ஜான் வுடன் 1948இல் பயிற்சியாளராக வந்தார். முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1964இல், 16 வருஷம் கழித்து. அதிலிருந்து 1975 வரை 12 சீசனில் 10 பட்டங்கள். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த லூ அல்சிண்டர் அங்கே ஆடிய 3 சீசனில் அணி 88 ஆட்டம் ஜெயித்து 2 தோற்றது. வுடன் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஜீன் பார்டோ 2 சீசனில் 52 ஜெயித்து 9 தோற்றார். எந்த ஊரிலும் அது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் கணக்கு. பழைய நாட்களையே அளவுகோலாக வைத்திருந்த ரசிகர்களின் விமர்சனத்துக்கு நடுவில், அந்த 2 சீசனோடு அவர் கிளம்பிவிட்டார். அதன் பிறகு இன்றுவரை அந்தப் பல்கலைக்கழக ஆண்கள் அணிக்கு வந்த தேசியப் பட்டம் ஒன்றே ஒன்று, 1995இல்.

அங்கேயும் பழைய அணிகளின் பலம் சேர்ந்திருந்ததில்தான் இருந்தது. இன்று ஒரு வருஷம் கல்லூரியில் ஆடிவிட்டு நல்ல ஆட்டக்காரன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடலாம். 2021க்குப் பிறகு கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. தன் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்துவிட்டது. பையன்களுக்கு அது நியாயமான வருமானம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஐந்து பேரை நான்கு வருஷம் பார்த்துப் பழகும் வாய்ப்பு ரசிகனுக்குப் போய்விட்டது. கோடிகள் புரளும் இடத்தில் நடந்ததும், துருப்பிடித்த ரிங்கில் நடந்ததும் ஒன்றேதான்.

எங்கள் அணி கலைந்த விதத்தைச் சொல்கிறேன். யாரும் சண்டை போடவில்லை, யாரும் துரோகம் செய்யவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் பாஸ்போர்ட் என்பது பட்டத்துக்கு முன்பே கையில் இருக்கும். விசா வந்தது, இருவர் வளைகுடாவுக்குப் போனார்கள். ஒருவர் காவல்துறையில் சேர்ந்தார். பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கான ஃபார்ம் 3 சான்றிதழை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கியோ ரயில்வேயோ எடுக்கும் என்று இரண்டு வருஷம் காத்திருந்து பார்த்த ஒருவர், கடைசியில் அப்பாவின் படகுக்கே திரும்பினார். முந்தைய தலைமுறையில் அந்தத் தாளுக்கு இருந்த மதிப்பு அவர் காலத்தில் குறையத் தொடங்கியிருந்தது. இப்படி ஒரே வருஷத்தில் நால்வர் போனபோது, அவர்களுக்குப் பின்னால் வரிசை இல்லை என்பது தெரிந்தது. ஐந்து பேரும் ஒரே வயது. சேர்ந்து வளர்ந்தார்கள் என்பது எவ்வளவு பலமோ, சேர்ந்தே போவார்கள் என்பது அவ்வளவு பலவீனம். அதைக் கல்லூரி யோசிக்கவில்லை, ரசிகர்கள் நாங்களும் யோசிக்கவில்லை.

பிறகு வரிசை மறுபடி உண்டாகாததற்குக் காரணம் வேறு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்கள் என்றாகிவிட்டது. சென்னையிலும் கோவையிலும் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் நல்ல ஆட்டக்காரனுக்கு இலவச சீட்டும் விடுதியும் மரத்தரை உள்ளரங்கமும் தருகின்றன. இங்கே பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்ட அணிக்கு ஆடிய பையன், எதற்காக உப்புக்காற்றில் நிற்க வேண்டும்? அவன் போவது சரிதான். போன இடத்தில் சிலர் நன்றாகவும் வருகிறார்கள். ஆனால் ஒரே பள்ளியிலிருந்து ஐந்து பேர் ஐந்து கல்லூரிக்குப் பிரிந்து போனால், அந்த ஐந்து பேருக்குள் இருந்த அணி அத்தோடு முடிந்துபோகிறது. திறமை எங்கும் போகவில்லை, சென்னைக்குப் போயிருக்கிறது. கூட்டுதான் போய்விட்டது.

பார்வையாளர்களும் மாறினார்கள். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கரையில் ஆள் இருக்கும். அதைப் பார்த்தே நட்பு ஆட்டங்களை ஞாயிறு மாலைக்கு வைப்பார்கள். ஆட்டக்காரர்களின் அப்பாக்கள், படகில் கூட வேலை செய்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் சுவரோரம் நிற்கும். விதி தெரியாது, ஆனால் யார் சோம்பினாலும் உடனே தெரிந்துவிடும் அவர்களுக்கு. "கால எடுத்து வைடா" என்று ஒரு சத்தம் வந்தால் ஆட்டக்காரன் பி.டி. சார் சொன்னதைவிட வேகமாக ஓடுவான். இன்று கேட்டில் அடையாள அட்டை கேட்கிறார்கள். வெளியாள் உள்ளே வர முடியாது. பாதுகாப்புக்கு அது தேவையாக இருக்கலாம், அணிக்கு அது நஷ்டம்.

ஆக, ஒரே பள்ளி, தினசரி வந்துபோக ஒரு வழி, ஐந்து வருஷம் பிரியாமல் படிக்க ஓர் இடம். இவை சேர்ந்தால்தான் அப்படி ஓர் அணி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தபோது எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் கல்லூரியின் பெண்கள் அணி.

இந்தக் கரையில் பெண் பிள்ளையைச் சென்னை விடுதிக்கு அனுப்ப இன்றும் பல வீடுகள் தயங்குகின்றன. நல்ல ஆட்டக்காரிக்கு வெளியூரில் சீட் கிடைத்தாலும் வீட்டில் பக்கத்துக் கல்லூரி போதும் என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வாய்ப்பை அது சுருக்குகிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதன் விளைவாக, ஒரே பள்ளியில் ஒரே பி.டி. டீச்சரிடம் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடிய பெண்கள் நான்கு பேர் இப்போது ஒரே கல்லூரியில், ஒரே பஸ்ஸில் வந்துபோகிறார்கள். இருவர் முதுகலையும் இங்கேயே சேர்ந்துவிட்டார்கள். வயது ஒன்றாக இல்லை, மூத்தவர்களுக்குக் கீழே முதல் வருஷத்தில் இருவர் இருக்கிறார்கள். அதனால் பழைய அணி கலைந்தது போல ஒரே நாளில் இது கலையாது. பந்து 6ஆம் எண், கொஞ்சம் சிறியது. காற்றுக்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் பதில் வேறு: உயரத் தூக்குவதும் இல்லை, போர்டை நம்புவதும் இல்லை. பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொடுத்து, காற்றிலேயே விடாமல் ரிங்குக்கு அடியில் கொண்டுபோய்விடுகிறார்கள். நான் இதுவரை பார்க்காத ஆட்டம் அது.

இவர்கள் ஆட்டத்துக்குச் சுவரோரம் ஆளே இல்லை. பழைய அணியைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுகிற எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவர்கூட வருவதில்லை. பழைய மாணவர் என்று பேர் சொன்னால் கேட்டில் விடுகிறார்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயிற்சி செவ்வாய், வியாழன், சனி மாலை 4:30க்கு. பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் ஆறு மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். கோர்ட்டில் விளக்கு இல்லை. இரண்டு விளக்குக் கம்பம் போட்டுக்கொடுத்து, கடைசி பஸ் வரை துணைக்கு ஓர் ஆசிரியையும் இருந்தால் இன்னும் முக்கால் மணி நேரம் கூடும். பழைய ஆட்டக்காரர்களில் வெளிநாட்டில் இருக்கும் இருவரிடம் விளக்குக்குப் பேசியிருக்கிறேன். ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார்.